மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில்

ஆசீர்விளையில் பக்கம் புரளாமல் போன வருஷத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாரும் ஏலியேசர் அண்ணாச்சியின் எடைக்கல்லிலிருந்துதான் தொடங்குவார்கள். அது சரியான தொடக்கம் இல்லை. ஆனால் ஊர் வெகுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது, ஆகையால் நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.

அந்த ஊரில் நூற்றுப்பத்து வீடு, ஒரு கோயில், ஒரு பலசரக்குக் கடை, நாளுக்கு நாலு தடவை வந்து திரும்புகிற ஒரு பஸ். வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது கோயில் வாசலில் வீட்டுக்கொரு வேத வாசிப்பு அட்டவணை கொடுப்பார்கள். நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து, அப்படிப் போனால் ஆதியாகமத்தில் இறங்கினவன் டிசம்பர் கடைசியில் வெளிப்படுத்தலில் கரையேறிவிடலாம். சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயில் மணி ஒரு தடவை அடிக்கும், அடித்ததும் எல்லா வீட்டிலும் வேதம் விரியும், ஊர் முழுக்க ஒரே அதிகாரத்தை வாசிக்கும், பக்கம் தீர்ந்ததும் ஊர் முழுக்க ஒருசேரப் புரட்டும், அந்தச் சத்தம் தெருவில் நடந்துபோகிறவனுக்குத் தென்னந்தோப்பில் காற்று ஒரு தடவை புரண்டு படுத்த மாதிரிக் கேட்கும்.

அந்த வருஷம் பிப்ரவரி முதல் வாரத்தில், லேவியராகமத்தில் நியாயமான தராசு, நியாயமான எடைக்கல் என்று வருகிற இடத்தில், ஏலியேசர் அண்ணாச்சியின் பக்கம் புரளவில்லை. எச்சில் தொட்டுப் பார்த்தார். பிளேடை நடுவில் விட்டுப் பார்த்தார். அவர் பெண்டாட்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். தாள் கிழியவும் இல்லை, அசையவும் இல்லை. மூன்று நாள் அதே பக்கத்தையே வாசித்துவிட்டு, நாலாம் நாள் காலையில், அடியில் குடைந்து ஈயம் எடுத்திருந்த தன் ஒரு கிலோ கல்லைக் கொண்டுபோய்க் கடைக்குப் பின்னாலிருந்த பாழுங்கிணற்றில் போட்டார். அன்று சாயங்காலம் பக்கம் வெண்ணெய்போலப் புரண்டது. அவராகவே இதை எல்லாரிடமும் சொன்னார், ஏனென்றால் கடைக்காரர் வாயில் எந்தச் சரக்கும் ரொம்ப நாள் தங்காது.

அடுத்து உபாகமத்தில், வழிதப்பி வந்த ஆட்டையும் மாட்டையும் உரியவனிடம் திருப்பிக் கொண்டுவிடச் சொல்லும் இடத்தில், மேலத்தெரு சாராள் சித்தி நின்றாள். அவள் வீட்டில் ஆடும் இல்லை மாடும் இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு, தீபாவளிக்கு முன்பிருந்தே தன் வீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். “கோழின்னு அதுல எழுதல, பாத்துக்கிடுங்க. ஆனா புஸ்தகத்துக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள்.

இது எப்படி நடக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. நம் வீட்டுக்கு எப்போது வரும் என்று கேட்டவர்களே அதிகம். ஒருவன் பாளையங்கோட்டைக்குப் போய்ப் புது வேதம் வாங்கி வந்தான், அதுவும் பழைய இடத்திலேயே நின்றது. ஒருவன் கைபேசியில் வாசித்தான், விரல் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருவன் கெட்டிக்காரத்தனமாகக் கடைசியிலிருந்து முன்னால் வாசித்துக்கொண்டு வந்தான், அவன் மூன்றாவது நாளே நின்றான். சென்னையிலும் பம்பாயிலும் வேலைக்குப் போயிருந்த ஊர்ப் பிள்ளைகள் போன் பண்ணி, “எம்மா, எனக்கும் நிக்கிம்மா” என்று மெதுவாகச் சொன்னார்கள். கொஞ்ச நாளில் அது மழை, வெயில் மாதிரி ஊரோடு சேர்ந்துபோயிற்று. குழாயடியில், கடையில், பஸ்ஸில், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற வாயெல்லாம் “எங்க நிக்கிறிய?” என்று கேட்டது. “எரேமியால நிக்கேன், மைனி. அண்ணன்ட்ட பேசிட்டா புரண்டிரும்” என்று பதில் வந்தது. சங்கீதத்தில், கண்ணீரைப் பற்றி வருகிற ஒரு இடத்தில், பெண்டாட்டி செத்து எட்டு மாதமாக அழாமல் இருந்த ஒரு கொத்தனார் ஒன்பது நாள் நின்றார். பத்தாம் நாள் சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நீதிமொழிகளில் நாக்கைப் பற்றி வருகிற இடத்தில் பாதி ஊர் நின்றது; அந்த வாரம் குழாயடி அமைதியாக இருந்தது.

பஸ் கண்டக்டர் சுடலைமுத்து இதையெல்லாம் கேட்டுவிட்டு, “எங்க சாமி வருசத்துக்கு ஒருவாட்டி கோயில் கொடையில ஆடும். ஒங்க சாமி தெனமும்லா ஆடுது. எப்படித்தான் குடித்தனம் பண்ணுதியளோ” என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

எல்லாரும் நின்ற வருஷத்தில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தவள் லீதியாள் டீச்சர் ஒருத்திதான். முப்பத்துமூன்று வருஷம் முப்பத்துமூன்று தடவை முழு வேதத்தையும் வாசித்து முடித்தவள், முடித்த தேதிகளைப் பின்னட்டையில் வரிசையாக எழுதி வைத்திருப்பவள். நின்றுபோனவர்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் போனார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை ஒரு பார்வை பார்ப்பாள், ஆளை ஒரு பார்வை பார்ப்பாள், “ஒன் மாமியாரப் போய்க் கூட்டிட்டு வா” என்பாள், “அந்த வேலியப் பழைய எடத்துலயே நட்டிரு” என்பாள். சொன்னபடி செய்தால் புரளும். எசேக்கியேலில், ஆடுகளை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைப் பற்றி வருகிற அதிகாரத்தில், ஊர்ப் பாதிரியாரான ஐயரே நின்றுபோய்ப் பின்வாசல் வழியாக வந்தார். “கறிச்சாப்பாடு போடுற வீட்டுக்கே போறீங்க ஐயரே. கீழத்தெருவுக்கும் ஒருநட போய்ட்டு வாங்க” என்றாள். ஐயர் கீழத்தெருவுக்குப் போய்க் கடுங்காப்பி குடித்துவிட்டு வந்தார், புரண்டது.

இந்த வாசிப்பெல்லாம் அவள் தனக்காக மட்டும் வாசிப்பதில்லை. அவள் புருஷன் யோவேல் மின்சார வாரியத்தில் கம்பம் ஏறினவர். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை அவருடைய இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டது. அப்போதிருந்து ஏழு மணிக்குத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, அவள் குரலின் வழியாகத்தான் அவர் வேதத்துக்குள் போய் வருகிறார். அந்த வருஷம் அவருக்கு இருதயமும் தளர்ந்துவிட்டது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை. தானியேல் முடிந்த அன்றைக்கு மட்டும் அவர், “ஏ லீதி, மத்தேயுவுக்கு இன்னும் எத்தன நாளு?” என்று கேட்டார்.

“மூணு வாரம் கிடக்கு. எதுக்கு?”

“சும்மாதான். இயேசு நடந்து போறத ஒன் வாயால இன்னொரு தடவ கேட்டுட்டாப் போதும்.”

அக்டோபர் இரண்டாம் வாரத்தில், பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான மல்கியா வந்தது. பிதாக்களின் இருதயம் பிள்ளைகளிடத்துக்கும் பிள்ளைகளின் இருதயம் பிதாக்களிடத்துக்கும் திரும்பும் என்கிற கடைசி வசனத்தை வாசித்து நிறுத்தி, ஒரு தாளைத் தள்ளி, அடுத்த தாளுக்கு விரலை எச்சில் தொட்டு வைத்தாள். புரளவில்லை. அதே நேரத்தில் வெளியே, மத்தேயுவுக்குள் போகும் ஊரின் பக்கங்கள் எல்லாம் தோப்புக் காற்றுபோலப் புரண்டு அடங்கின. லீதியாள் டீச்சர் வீடு மட்டும் இந்தப் பக்கத்தில் நின்றுவிட்டது.

அவளுடைய வேதம் பழைய பெரிய வேதம். அதில் மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவில், ஓரத்தில் திராட்சைக்கொடி போட்ட கெட்டித்தாள் ஒன்று இருக்கும். குடும்ப வரலாறு என்று மேலே அச்சடித்து, பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம், திருமணம் என்று கட்டம் கட்டியிருக்கும், மற்றதெல்லாம் வெறுமையாக இருக்கும். பின்னட்டையைத் தவிர, அந்தப் புத்தகம் முழுவதிலும் அவள் தன் கையால் எழுதிய பக்கம் அது ஒன்றுதான். அதில் மூன்றாவது வரியில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது.

ஒட்டினதும் அவள்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகிச் சந்தைமேட்டுக்குப் போன ஒரே மகள் பியூலா, அங்கே புருஷனோடு முழுக்குச் சபையில் சேர்ந்து, ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் எடுத்து, நகையைக் கழற்றி, அம்மா போட்ட கம்மலை ஒரு காகிதத்தில் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். “பத்து வருசம் தவமிருந்து பெத்து, ஐயர் கையில குடுத்து ஞானஸ்நானம் எடுத்தோமே, அது என்னட்டி?” என்று லீதியாள் கேட்டாள். “அது வெறும் தண்ணி தெளிச்சதும்மா” என்றாள் பியூலா. லீதியாள் கம்மலை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அன்று சாயங்காலம் மைதா பசை காய்ச்சி, பழைய அட்டவணையின் ஓரத்தை நறுக்கி, மகளின் பெயர்மேல் ஒட்டினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அக்டோபரிலும் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது திராட்சைக்கொடியை மட்டும் பார்த்துப் புரட்டினாள்.

மறுநாள் விடிவதற்குள் டீச்சரும் நின்றுவிட்டாள் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. எங்கே என்று கேட்டதற்கு அவள் “மல்கியா” என்று மட்டும் சொன்னாள். ஊர் மல்கியாவைப் புரட்டித் துழாவிப் பார்த்து, பத்திலொரு பங்கு காணிக்கையான தசமபாகத்தில் குறை என்று முடிவு கட்டியது. ஐயர் ஆறுதல் சொல்ல வந்து, “தசமபாகத்துல ஏதும் விட்டுப்போச்சோ டீச்சர்?” என்று மெல்லக் கேட்டு, அவள் பார்த்த பார்வையில் காப்பி குடிக்காமலே போனார். “முப்பத்துமூணு வருசம் நடந்த தடத்துல கால் இடறியிருக்கு” என்று சாராள் சித்தி குழாயடியில் சொன்னாள். சொன்னாலும், யோவேலுக்கு வாசித்துக் காட்ட அன்று சாயங்காலம் முதலில் வந்தவளும் அவள்தான். மத்தேயுவை மடமடவென்று வாசித்துவிட்டுப் போனாள்.

“நல்லாத்தான் வாசிக்கா” என்றார் யோவேல். “ஆனா அவ வாசிக்கையில இயேசு அடுத்த தெருவுல நடக்காரு. நம்ம வீட்டுக்குள்ள வர மாட்டேங்காரு.”

லீதியாள் அவர் போர்வையை இழுத்துவிட்டாள்.

“எனக்கு இயேசு வேணும், லீதி. மல்கியாவோட என்ன அனுப்பிராத.” கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பக்கந்தான?” என்றார். “எனக்குக் கண்ணு இருந்த காலத்துல ஒட்டுனது அது. பசை காச்சுறப்போ நானும் அடுக்களையில நின்னேன். வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லல. அதுல என் பசையும் இருக்கு.”

மறுநாள் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து ஆவியில் அந்தத் தாளைக் காட்டினாள். ஒட்டுத்தாள் வந்துவிட்டது, ஆனால் கீழே இருந்த பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது. மகளின் பெயர் தலைகீழாக ஒட்டுத்தாளின் முதுகில் இருந்தது, புத்தகத்தில் வெறும் வெளுப்புதான் இருந்தது. பேனாவை எடுத்துப் பெயரைத் திரும்ப எழுதினாள், பிறந்த தேதியை எழுதினாள், ஞானஸ்நானத் தேதியை எழுதினாள், மை காய ஊதினாள். பக்கம் புரளவில்லை. மூன்று நாள் காத்திருந்தாள். ஊர் மலைப்பிரசங்கத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. யோவேல் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட ஆரம்பித்தார். நாலாம் நாள் காலையில் அவரைச் சாராள் சித்தியிடம் ஒப்படைத்துவிட்டு, வேதத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சந்தைமேட்டில், நெல் அரைக்கிற மில்லுக்குப் பின்னால் வாடகை வீடு. நிலைக்கு மேலே எழுதியிருந்த வசனம், தன் வீட்டு நிலையில் எழுதியிருக்கும் அதே வசனம் என்பதைப் பார்த்துக்கொண்டு லீதியாள் வாசலில் நின்றாள். உள்ளே பியூலா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஐந்து வயதில் ஒரு பெண்குழந்தை பலப்பத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தது.

“வாங்கம்மா” என்று எழுந்தாள் பியூலா. சுளகு கையிலேயே இருந்தது. “அப்பாவுக்கு ஏதும்…”

“இருக்காவ. மத்தேயுவுக்குக் காத்துக்கிட்டிருக்காவ. எனக்கு மல்கியா தாண்ட மாட்டேங்கு.”

பியூலா சுளகைக் கீழே வைத்தாள். “நீங்க அக்டோபர் வரைக்கும் வந்துட்டியளா? நான் ஜனவரியிலருந்து யாத்திராகமத்துலயே நிக்கேன்.”

“எந்த எடத்துல?”

“கற்பலகையில அஞ்சாவது கற்பனை, ஒன் தகப்பனையும் ஒன் தாயையும் கனம்பண்ணுங்கிற எடம். இருபதாவது அதிகாரம். எகிப்த விட்டு வந்தாச்சு, கானானுக்குப் போன பாட்டக் காணோம். பத்து மாசமா மலையடிவாரத்துலயே குடியிருக்கேன்.”

லீதியாள் மனதுக்குள் அட்டவணையை எண்ணிப் பார்த்தாள். ஜனவரி இருபத்தொன்று. ஏலியேசரின் எடைக்கல்லுக்கு முன்னாலேயே ஊரில் முதலில் நின்றது இவள்தான், அது ஊருக்குத் தெரியாது.

“ஒங்க சபையிலயும் இதே அட்டவணையா?”

“சபையில அட்டவணையெல்லாம் கிடையாது. நான் நம்மூர் அட்டவணையத்தான் வாசிக்கேன். சாராள் சித்தி வருசாவருசம் பஸ்ல குடுத்து விடுவா.”

“அப்ப அங்கயே நிக்காம ஒரு நட வந்திருக்கலாம்லா?”

“வந்தா நீங்க ஏதாவது கேப்பிய. நான் ஏதாவது சொல்லுவேன். மறுபடி போய்ப் பசை காச்சுவிய. அப்பா போன்ல எல்லாஞ் சொன்னாவ.”

லீதியாளுக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, இரண்டையும் வெளியே விடாமல் பையிலிருந்து வேதத்தை எடுத்துத் தரையில் விரித்தாள். பியூலா குனிந்து பார்த்தாள். வெளுத்த இடத்தில் புது மையில் தன் பெயர். பக்கத்தில், ஞானஸ்நானக் கட்டத்தில், அவள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோதைய ஒரு தேதி.

“அது நடந்தது” என்றாள் லீதியாள். “ஐயர் கையில நீ அழுததும், அப்பா பயந்து ஒன்ன வாங்கிக்கிட்டதும் எனக்கு ஞாபகம் இருக்கு. நடந்தத எழுதியிருக்கேன்.”

“நான் ஆத்துல எறங்குனதும் நடந்ததும்மா.”

லீதியாள் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். “எழுது.”

கட்டம் சின்னது. ஒரு தேதிக்கு அச்சடித்த இடம் அது. பியூலா பேனாவைப் பிடித்துக்கொண்டு அம்மா எழுதின தேதியை வெகுநேரம் பார்த்தாள். அதைக் கோடிட்டு அடிப்பாள் என்று லீதியாள் நினைத்தாள். அவள் அடிக்கவில்லை, எறும்பு எழுத்தில் தன் தேதியை அதன் பக்கத்தில் இடுக்கி எழுதினாள். எழுதிவிட்டுத் தலை நிமிராமலே, “அன்னைக்கு வெறும் தண்ணின்னு சொல்லியிருக்கக் கூடாது” என்றாள்.

அவள் அதைச் சொன்னபோது, ஜன்னல் ஓரத்தில் பத்து மாதமாக ஒரே இடத்தில் விரிந்து கிடந்த அவளுடைய வேதத்தின் பக்கம் மின்விசிறிக் காற்றுக்கே எழும்பி மறுபக்கம் விழுந்தது. குழந்தைதான் அதைப் பார்த்தது. “எம்மா, ஓடுது” என்றது.

லீதியாள் தன் பக்கத்தைப் பிடித்துப் பார்த்தாள். முனை கொஞ்சம் எழும்பியது, அவ்வளவுதான். அவளுக்கு விளங்கியது. கீழே அடுத்த வரி வெறுமையாக இருந்தது.

“ஒன் பேரு என்னட்டி?” என்று குழந்தையைக் கேட்டாள். பெயர் அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனால் ஒருநாளும் கேட்டதில்லை.

“ஜெமிமா.”

எழுதினாள். பியூலா சொல்லச் சொல்லப் பிறந்த தேதியை எழுதினாள். முப்பத்துமூன்று வருஷம் ஓய்வுநாள் பாடசாலை நடத்தின கை பழக்கத்தில் தானாகவே ஞானஸ்நானக் கட்டத்துக்குப் போனது. அங்கே வைத்து நின்றது. அந்தச் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த வாரமே ஐயரிடம் கொடுத்து எடுத்துவிடலாம் என்று பஸ்ஸில் வரும்போது அவள் நினைத்திருந்ததும் உண்மை. பேனா முனையிலிருந்து ஒரு பொட்டு மை கட்டத்துக்குள் இறங்கியது. மகள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். லீதியாள் கையை எடுத்துப் பேனாவை மூடினாள்.

“அத அவ வளந்து எழுதிக்கிடட்டும்” என்றாள்.

பக்கம் புரண்டது. அந்தப் பக்கத்தில் மத்தேயு இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் குழந்தையை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் லீதியாள் மகளின் காதுத் துளையைத் தொட்டுப் பார்த்தாள். “தூந்து போச்சா?”

“இன்னும் தூரல.”

“கம்மல் பெட்டியிலதான் கிடக்கு. போடச் சொல்லல. இருக்குன்னு சொன்னேன்.”

“சரிம்மா.”

பஸ்ஸிலிருந்து மூன்று பேர் இறங்குவதைச் சாராள் சித்தி வாசலிலிருந்தே பார்த்தாள். அவள் பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. யோவேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வீட்டுக்குள் வருகிற காலடிகளை எண்ணினார். ஒன்று அவருக்குத் தெரிந்த காலடி, ஒன்று தெரிந்து மறந்த காலடி, மூன்றாவது ஓடி வந்தது. அவர் கையை நீட்டினார், அதில் பலப்பத் தூள் ஒட்டிய சின்னக் கை ஒன்று வந்து உட்கார்ந்தது.

ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்தது. அன்றைக்கு ஊர் அட்டவணைப்படி மத்தேயுவில் பாதியைத் தாண்டி வந்திருந்தது. ஆனால் மணி அடித்ததும் வழக்கத்துக்கு மாறாக வெகுநேரம் பக்கம் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது, தோப்பில் காற்று திரும்பி வருகிற மாதிரி, ஒவ்வொரு வீடாக, பின்னோக்கி. டீச்சர் எந்த இடத்தில் தொடங்குகிறாளோ அந்த இடத்துக்கு ஊர் திரும்பி வந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

மத்தேயுவின் முதல் பக்கம் வெறும் பெயர்கள். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று ஆபிரகாமிலிருந்து இறங்கி வருகிற பெயர்கள். அதில் வேசியும் உண்டு, மாமனாரை ஏமாற்றினவளும் உண்டு, புறஜாதிக்காரியும் உண்டு, கெட்ட ராஜாக்களும் உண்டு. லீதியாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். பியூலா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இது எல்லாரும் தாண்டிப் போற எடம்” என்றார் யோவேல். “நீங்க மெதுவா வாசிங்க. ஒரு பேரையும் விட்றாதிய.”

அம்மா ஒரு பெயரும் மகள் ஒரு பெயருமாக வாசித்தார்கள். நூற்றுப்பத்து வீட்டிலும் அந்தப் பெயர்கள் வாசிக்கப்பட்டன, ஒன்றும் விடாமல்.